முதல் காரும் முழங்கால் தண்ணியும்

போன ஞாயித்துக்கிழமை பக்கத்து ரூம்ல இருந்து பொண்ணு எனக்கு வாட்சப்புல ஒரு படம் அனுப்பினா. (ஆமாங்க, பக்கத்து ரூம்தான். எழுந்து வந்து பேசுற வழக்கமெல்லாம் எங்க வீட்டுல ஒழிஞ்சு நாளாச்சு.) ஏழு இன்சூரன்ஸ் கம்பெனியோட பிரீமியம் வரிசையா இருந்துச்சு. இருக்குறதுலயே கம்மியானதை சிவப்பு வட்டம் போட்டு, "இதை எடுத்துக்கவாப்பா?"ன்னு கேட்டிருந்தா.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகுது. ஐரோலில ஆபீஸ். சொந்தக் காசுல முதல் கார் வாங்கப் போறா. என்ன வண்டி வேணும்னு கேட்டா, "உங்களது மாதிரி சின்ன டீசல் வண்டி. மக்கர் பண்ணக் கூடாது. இன்சூரன்ஸ் கம்மியா இருக்கணும்"னு பதில் வருது. 2012-ல நானும் வார்த்தை மாறாம இதையேதான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். தப்பான ஆசைன்னு சொல்ல முடியாது. ஆனா அந்த மூணாவது வரில ஒரு குழி இருக்கு. அதுல நான் விழுந்து எழுந்தவன். அதான் கொசுவத்திச் சுருளைக் கொஞ்சம் சுத்த விடுறேன்.

மாட்டுங்காவுல இருக்குறவன் கார் வாங்குறது, திருச்செந்தூர்ல இருக்குறவன் வீட்டுல நீச்சல் குளம் கட்டுற மாதிரி. நடக்கிற தூரத்துல மூணு ஸ்டேஷன். சென்ட்ரல் லைனுக்கு மாட்டுங்கா, வெஸ்டர்னுக்கு மாட்டுங்கா ரோடு, ஹார்பருக்கு கிங்ஸ் சர்க்கிள். காய்கறி, பூ, காப்பிப் பொடி, கோயில் எல்லாம் கால் நடையில. நிறுத்த இடமும் கிடையாது. இங்க இருக்குற மூணு மாடிக் கட்டடங்கள்ல பாதி 1930, 40கள்ல கட்டினது. கட்டினவங்களுக்கு வீட்டுக்கு ஒரு கார் வரும்னு கனவுல கூட தோணியிருக்காது. ஞாயித்துக்கிழமை காலையில கஃபே மெட்ராஸ் பக்கம் வண்டிய நிறுத்த இடம் தேடிப் பாருங்க, தெரியும்.

2001-ல அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு பெட்டியோட வந்து இறங்கினவன் நான். பதினோரு வருஷம் லோக்கல் ரயில்லயே காலம் ஓடுச்சு. 2012-ல கம்பெனி என்னைத் தலோஜா ஃபேக்டரிக்கு மாத்தினதும்தான் சிக்கல். கிங்ஸ் சர்க்கிள்ல ஏறி, வடாலா ரோடுல மாறி, கார்கர்ல இறங்கி, அங்க ஷேர் ஆட்டோ பிடிச்சுப் போகணும். பகல் ஷிஃப்டுக்குச் சரி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சா லோக்கலும் கிடையாது, ஆட்டோவும் கிடையாது. ரெஸ்ட் ரூம் பெஞ்சுல கொசுவுக்கு ரத்ததானம் பண்ணிட்டு காலை வரைக்கும் கிடக்கணும். ஒரு மாசம் பார்த்தேன். அப்புறம் தங்கமணியே சொன்னாங்க, "கார் வாங்கிடுங்க. இப்படியே போனா பொண்ணுக்கு உங்க மூஞ்சி மறந்துடும்."

ஆணி பிடுங்குறதைத் தவிர எனக்குத் தெரிஞ்ச ஒரே கலை எக்செல். திறந்தேன் ஒரு ஷீட்.

அந்த சமயம் நாடே டீசல் பைத்தியம் பிடிச்சு அலைஞ்சுது. 2010 ஜூன்ல பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசாங்கம் எடுத்துட்டாங்க. டீசலுக்கு மட்டும் மானியம் ஓடிட்டிருந்துச்சு. 2012 செப்டம்பர்ல ஒரே அடியா 5 ரூபாய் ஏத்தின பிறகும் மும்பையில டீசல் சுமார் 53 ரூபாய், பெட்ரோல் சுமார் 73. மூணாவது மாடி குஜராத்தி அங்கிள் லிஃப்ட் இல்லாத படிக்கட்டுல என்னைப் பார்க்கும்போதெல்லாம் "டீசல் லேலோ பாய், டீசல்"னு மந்திரம் ஓதுவார். அவர்கிட்ட கார் கிடையாது, அது வேற விஷயம்.

என் கணக்கு இதுதான். ஒரே மாடல் காருல டீசலுக்கும் பெட்ரோலுக்கும் ஆன்ரோடு வித்தியாசம் சுமார் 1,20,000 ரூபாய். மகாராஷ்டிராவுல டீசல் காருக்கு ரோடு டாக்ஸும் ரெண்டு சதவீதம் கூட. இங்க ஓட்டுற ஓட்டத்துக்கு பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 13 கி.மீ., டீசல் 18 கி.மீ. கொடுக்கும்னு வெச்சுக்குவோம். பெட்ரோல்ல கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 60 காசு. டீசல்ல 2 ரூபாய் 95 காசு. கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 65 காசு மிச்சம்.

எனக்குத் தலோஜா போய் வர ஒரு நாளைக்கு 70 கி.மீ. அப்பப்ப ஊருக்கும் போறதையும் சேர்த்தா வருஷத்துக்கு 20,000 கி.மீ. வருது. 53,000 ரூபாய் மிச்சம். டீசலுக்கு இன்சூரன்ஸும் சர்வீஸும் கூடுதலா ஒரு 5,000 கழிச்சா 48,000. ரெண்டரை வருஷத்துல போட்ட காசு திரும்பிடும்.

இதையே வாரக் கடைசில மட்டும் வண்டிய எடுக்குற ஒருத்தருக்குப் போட்டுப் பாருங்க. வருஷத்துக்கு 5,000 கி.மீ. மிச்சம் 13,250. அதே 5,000 போக 8,250. காசு திரும்ப பதினாலு வருஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள வண்டியே கிழவனாயிடும். டீசல் வாங்கலாமா வேணாமான்னு யாராவது கேட்டா, "வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?"ன்னுதான் திருப்பிக் கேக்கணும். இதுக்கு பதில் இல்லாம எந்த பதிலும் இல்ல.

அடுத்து எந்த வண்டி. 2012-ல சின்ன டீசல்னு கேட்டா ஒரு படையே நின்னுச்சு. ஸ்விஃப்ட், ரிட்ஸ், புன்ட்டோ, இண்டிகா விஸ்டா, ஃபிகோ, போலோ, மைக்ரா, ஐ20, லிவா, பீட். ஒரு விஷயம் கவனிச்சேன். எல்லாமே நாலு மீட்டர் நீளத்துக்குள்ள, எல்லா டீசல் எஞ்ஜினும் 1500 சி.சி-க்குள்ள. தற்செயல் இல்லைங்க. 2006 பட்ஜெட்ல சின்ன காருக்கு எக்சைஸ் வரியக் குறைச்சப்ப போட்ட கோடு அது. நீளம் நாலு மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா 1200 சி.சி-க்குள்ள, டீசல்னா 1500-க்குள்ள. பட்ஜெட் போட்ட கோட்டுக்குள்ள கம்பெனிக்காரங்க கோலம் போட்டாங்க.

அதுல முதல்ல பார்த்த நாலு வண்டிக்குள்ளயும் ஒரே எஞ்ஜின் கிடைச்சுது தெரியுமா? ஃபியட்டோட 1.3 லிட்டர் மல்டிஜெட், 1248 சி.சி. மாருதி தன் பேரை ஒட்டினாங்க, டாடா தன் பேரை ஒட்டினாங்க. கார் பைத்தியங்க அதுக்கு "தேசிய எஞ்ஜின்"னே பட்டப்பேர் வெச்சிருந்தாங்க. பழைய டீசல் மாதிரி லாரிச் சத்தம் இல்ல. காமன் ரயில்னு ஒரு பொதுக் குழாய்ல டீசலை பயங்கர அழுத்தத்துல தேக்கி வெச்சு, ஒவ்வொரு சுத்துக்கும் பல தடவையா துளித் துளியா தெளிக்கிற ஏற்பாடு. காருல முதல்ல இது வந்தது 1997-ல, ஆல்ஃபா ரோமியோ 156-ல. அந்த வேலையும் ஃபியட்காரங்க ஆராய்ச்சிதான். இத்தாலிக்காரன் மூளை தலோஜா வரைக்கும் என்னை இழுத்துட்டுப் போகப் போகுதேன்னு சந்தோஷமா இருந்துச்சு.

இண்டிகா விஸ்டா விலை கம்மி, உள்ள இடமும் தாராளம். ஆனா தங்கமணி ஒரே வரில நிராகரிச்சுட்டாங்க. "கீழ நிறுத்தினா யாராவது வந்து ஏர்போர்ட் வரியான்னு கேப்பாங்க." எனக்கு ஃபிகோ மேல ஒரு கண்ணு. கடைசில முடிவு பண்ணினது தாராவியில.

தாராவி அறுபது அடி ரோடு பக்கத்துல ஒரு சின்ன சந்து. அங்க ஒரு மெக்கானிக் அண்ணாச்சி. பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம். என் பைக்கை பல வருஷமா பார்த்துட்டிருந்தவர். அவர்கிட்ட எக்செல் ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். (சிரிக்காதீங்க.) அவர் அதைக் கிரீஸ் கையால வாங்கி, தலைகீழாப் பிடிச்சுப் பார்த்துட்டு திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி, நீங்க ஊருக்குப் போற வழியில ராத்திரி ஹூப்ளிகிட்ட வண்டி நின்னா, அங்க இருக்குற பயலுக்கு அந்த வண்டியத் தெரிஞ்சிருக்கணும். பக்கத்துக் கடையில பார்ட்ஸ் கிடைக்கணும். அவ்வளவுதான் சொல்லுதேன்."

நம்பகமான வண்டின்னா ரிப்பேரே ஆகாத வண்டின்னு நான் நினைச்சிட்டிருந்தேன். எங்க நின்னாலும் சரி பண்ண ஆள் இருக்குற வண்டின்னு அவர் திருத்தினார். மும்பையில இருந்து அம்பாசமுத்திரம் சுமார் 1,600 கி.மீ. அந்த வழி முழுக்க எந்த ஊர்லயும் கை வெக்க ஆள் இருக்குற சின்ன டீசல் எதுன்னு பார்த்தா பதில் சுலபமா வந்துடுச்சு. ஸ்விஃப்ட் புக் பண்ணினேன். அந்த ஜூலைல மானேசர் ஃபேக்டரியில கலவரம், அதுக்கப்புறம் ஒரு மாசம் லாக்-அவுட், அதனால காத்திருப்புப் பட்டியல் அனுமார் வாலா நீண்டிருந்துச்சு. தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் வண்டி கைக்கு வந்துச்சு. கோயில் வாசல்ல எலுமிச்சம்பழம் நசுக்கி, அஞ்சு தோட்டத்தை ஒரு சுத்து சுத்தி வந்தோம். பொண்ணுக்கு அப்ப எட்டு வயசு. பின் சீட்டுல நின்னுட்டு வந்தவளுக்கு அது ரதம்.

இப்ப இன்சூரன்ஸ் கதைக்கு வருவோம். இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க, காசு மிச்சமாகும்.

கார் இன்சூரன்ஸ்ல ரெண்டு பாகம். ஒண்ணு தேர்ட் பார்ட்டி. நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஏற்படுற நஷ்டத்துக்கு. இது சட்டப்படி கட்டாயம், கட்டணத்தையும் அரசுத் தரப்புலயே நிர்ணயிக்கிறாங்க. எந்த கம்பெனில வாங்கினாலும் ஒரே விலை. எஞ்ஜின் அளவை வெச்சு மூணு படி. 2022 ஜூன்ல நிர்ணயிச்சபடி தனியார் காருக்கு 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதுக்கு மேல 7,897. 1500-ஐத் தாண்டினா ரெண்டு மடங்குக்கு மேல எகிறுது பாருங்க. சின்ன டீசலுக்கு இன்சூரன்ஸ் கம்மின்னு சொல்றதுல இருக்குற உண்மை இது ஒண்ணுதான். 1000-க்குள்ள ஒரு டீசல் வேணும்னா அப்ப 936 சி.சி. பீட் இருந்துச்சு. பின்னாடி 2015-ல 793 சி.சி. டீசலோட செலேரியோ வந்துச்சு. ரெண்டுமே நிலைக்கல.

ரெண்டாவது பாகம் ஓன் டேமேஜ். நம்ம வண்டிக்கு வர்ற சேதத்துக்கு. இது வண்டியோட மதிப்பை வெச்சு. ஐ.டி.வி.னு சொல்வாங்க. பழைய டாரிஃப் புத்தகத்துல மும்பை, சென்னை மாதிரி எட்டு பெரிய நகரங்கள் 'ஏ' மண்டலம், மத்ததெல்லாம் 'பி'. என் வண்டி வகைக்கு ஏ மண்டலத்துல ஐ.டி.வி-ல 3.283 சதவீதம். அம்பாசமுத்திரத்துல பதிவு பண்ணியிருந்தா 3.191. 2007 ஜனவரில இந்தக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு கம்பெனிக்காரங்க இதுக்கு மேல இஷ்டத்துக்குத் தள்ளுபடி கொடுக்குறாங்க. டீசல் வண்டி ஒரு லட்சம் விலை அதிகம்னா, ஐ.டி.வி-யும் அதிகம், அதனால இந்தப் பாகத்துல பிரீமியமும் அதிகம். டீசலுக்கு இன்சூரன்ஸ் கம்மின்னு யாராவது சொன்னா இதைக் காட்டுங்க.

ஐ.டி.வி. வருஷா வருஷம் இறங்கும். முதல் வருஷம் முடியுற வரைக்கும் 15 சதவீதம் கழிவு, அப்புறம் 20, 30, 40, அஞ்சாவது வருஷத்துல 50. கூடவே நோ கிளெய்ம் போனஸ். ஒரு வருஷம் கிளெய்ம் போடலைன்னா ஓன் டேமேஜ்ல 20 சதவீதம் தள்ளுபடி, அடுத்தடுத்து 25, 35, 45, கடைசியா 50.

நான் இதையெல்லாம் கரைச்சுக் குடிச்சேன். வருஷா வருஷம் நவம்பர் வந்தா ராத்திரி உக்காந்து ஏழெட்டு கம்பெனியோட விலையை ஒப்பிட்டு, அதுல இருக்குற எக்ஸ்ட்ரா டிக்கையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து, கம்மி பிரீமியத்தைப் பிடிப்பேன். 2016 நவம்பர்ல 45 சதவீதம் போனஸ் வந்திருந்துச்சு. அந்த ஸ்கிரீன்ல ஒரு டிக் இருந்துச்சு. "எஞ்ஜின் பாதுகாப்பு", ஆயிரத்து இருநூறு ரூபாய் சொச்சம். எஞ்ஜினுக்கு என்ன, மல்டிஜெட்டாச்சே, நல்லாத்தானே ஓடுதுன்னு எடுத்துட்டேன். ஆபீஸ்ல போய் பெருமையடிச்சேன் வேற.

2017 ஆகஸ்ட் 29, செவ்வாய்க்கிழமை. மும்பைக்காரங்களுக்கு தேதி சொன்னாலே போதும். பிள்ளையார் சதுர்த்தி முடிஞ்சு நாலாவது நாள். சாந்தாகுரூஸ்ல மட்டும் ஒரு நாள்ல 300 மி.மீ-க்கு மேல மழை. தலோஜாவுல மத்தியானமே எங்களை வீட்டுக்கு விரட்டினாங்க. சயான் வரைக்கும் வர சாயந்திரம் ஆச்சு. தங்கமணி ஃபோர்ட்ல ஆபீஸ்ல மாட்டிக்கிட்டாங்க, ரயில் நின்னுபோச்சு. பொண்ணு எட்டாவது படிக்கிறா, ஸ்கூல்ல இருக்கா. ஸ்கூல் நம்பர் எடுக்கல.

கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பக்கம் தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கொஞ்சம் பெரிய மழைன்னா டி.வி. கேமரா முதல்ல அங்கதான் வந்து நிக்கும். பள்ளமான இடம். எனக்கும் தெரியும். 2005 ஜூலை 26-ல, சாந்தாகுரூஸ்ல 944 மி.மீ. கொட்டின அன்னைக்கு, சயான்ல இருந்து இடுப்பளவு தண்ணில நடந்து வந்தவன் நான். காரெல்லாம் மிதந்ததைக் கண்ணால பார்த்தவன். அது மட்டுமில்ல, முதல் மழைக்காலத்துக்கு முன்னாடியே அண்ணாச்சி தெளிவா சொல்லியிருந்தார்.

"தண்ணிக்குள்ள வண்டி நின்னுட்டுன்னா நின்னுட்டுப் போகட்டும். சாவியத் தொடாதீய. இறங்கித் தள்ளிட்டு வாங்க. தொட்டியளோ, எஞ்ஜின் போச்சு."

காரணம் ரொம்ப எளிமை. எஞ்ஜின் காத்தை உறிஞ்சி சிலிண்டருக்குள்ள அமுக்கும். பெட்ரோலை விட டீசல் எஞ்ஜின் ரொம்ப அதிகமா அமுக்கும், அதுதான் அதோட பலமே. காத்து போற வழியில தண்ணி உள்ள போயிட்டா, காத்து அமுங்குற மாதிரி தண்ணி அமுங்காது. பிஸ்டன் மேல வர முடியாம, அதைத் தள்ளுற கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். வண்டி தானா நின்னதோட விட்டா பல சமயம் தண்ணிய வடிச்சு, காய வெச்சு, ஆயிலை மாத்தி காப்பாத்திடலாம். மறுபடி ஸ்டார்ட் பண்ணினா நம்ம கையாலயே ராடை வளைக்கிறோம்.

ஸ்கூலுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர். முன்னாடி போன டெம்போ அலை கிளப்பிட்டுப் போச்சு. என் வண்டி ரெண்டு தடவை இருமிட்டு நின்னுச்சு. தண்ணி முழங்காலுக்கு மேல. எல்லாம் தெரியும்ங்க எனக்கு. எக்செல் தெரியும், அண்ணாச்சி சொன்னது தெரியும், 2005 தெரியும். ஆனா அந்த நிமிஷம் மனசுல ஒண்ணுதான் ஓடுச்சு. இருட்டுது, குழந்தை தனியா நிக்கிறா.

சாவியத் திருப்பினேன். 'டக்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

யாருன்னே தெரியாத நாலு பசங்க வந்து வண்டிய மேடான இடத்துக்குத் தள்ளிக் கொடுத்தாங்க. ஒருத்தர் வீட்டுல இருந்து டீ வந்துச்சு. அதைக் குடிக்க முடியாம வெச்சுட்டு நடந்தேன். கைகோத்து நின்ன ஆளுங்களைப் பிடிச்சுப் பிடிச்சு, மூடியில்லாத சாக்கடை எங்க இருக்குன்னு அவங்க கம்பு ஊன்றி காட்டின பக்கமா போய், முக்கால் மணி நேரத்துல ஸ்கூல். அம்மணி முதல் மாடியில டீச்சர் பக்கத்துல உக்காந்து பிஸ்கட் தின்னுட்டு சீட்டு விளையாடிட்டிருந்தா. "அப்பா, ஏன் இவ்ளோ சீக்கிரம் வந்தீங்க?"

நடந்தே போயிருக்கலாம். கடைசில நடந்துதான் போனேன்.

ரெண்டு நாள் கழிச்சு வண்டி சர்வீஸ் சென்டருக்குப் போச்சு. ரெண்டு கனெக்டிங் ராடு வளைஞ்சிருந்துச்சு. எஸ்டிமேட் 1,35,000 ரூபாய். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்தார். கிளெய்ம் ஃபாரத்துல நான் அப்பாவியா எழுதியிருந்தேன், "தண்ணியில் நின்றுவிட்டது, மீண்டும் ஸ்டார்ட் செய்தேன்"னு. அவர் ஒண்ணும் கத்தல, அமைதியா பாலிசில ஒரு வரியக் காட்டினார். வெள்ளத்தால வண்டிக்கு நேரடியா வர்ற சேதம் உண்டு. அதைத் தொடர்ந்து வர்ற சேதம் கிடையாது. சீட்டு, கார்ப்பெட், உள்ள சுத்தம் பண்றது, ஆயில் மாத்துறதுன்னு கணக்குப் போட்டு, ஆயிரம் ரூபாய் கட்டாயப் பிடித்தம் போக சுமார் 9,000 வரும்னார். எஞ்ஜினுக்கு பைசா கிடையாது.

அந்த 9,000-க்கும் ஒரு கணக்கு உண்டு. அந்த கிளெய்மை வாங்கினா அடுத்த நவம்பர்ல 50 சதவீதமா ஆகவேண்டிய போனஸ் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். 0, 20, 25, 35, 45-ன்னு திரும்ப ஏறி வர அஞ்சு வருஷம். அதுக்குள்ள விட்ட தள்ளுபடியைக் கூட்டினா ஒரு வருஷ ஓன் டேமேஜ் பிரீமியத்தை விட கால் பங்கு அதிகம். என் வண்டிக்கு அது சுமார் 7,500 ரூபாய். 9,000 வாங்க 7,500 விடணும். கிளெய்மை வாபஸ் வாங்கிட்டேன். சின்ன கிளெய்ம் போடுறதுக்கு முன்னாடி எல்லாரும் இந்தக் கூட்டலை ஒரு தடவை போட்டுடுங்க.

வண்டிய டோ பண்ணி அண்ணாச்சிகிட்ட கொண்டு போனேன். அவர் பானெட்டைத் திறக்கல. என் மூஞ்சியத்தான் பார்த்தார்.

"திருப்பிட்டியளோ?"

"பிள்ளை ஸ்கூல்ல இருந்துது அண்ணாச்சி."

அப்புறம் அவர் ஒரு வார்த்தை சொல்லல. மூணு வாரம் எடுத்து, எஞ்ஜினை இறக்கி, ராடு, பேரிங், ரிங், கேஸ்கெட் எல்லாம் மாத்தி ஏத்தினார். 68,000 ரூபாய் ஆச்சு. நான் எடுத்த அந்த டிக்குக்கு ஐம்பத்தாறு வருஷத்துக்குக் கட்டியிருக்கலாம். சும்மா இல்லாம டிக் இருந்திருந்தா கிடைச்சிருக்குமான்னும் பின்னாடி விசாரிச்சேன். பெரும்பாலும் தண்ணி புகுந்து எஞ்ஜின் போனா அதுல உண்டு. ஆனா நின்ன வண்டிய மறுபடி ஸ்டார்ட் பண்றது, சேதத்தைப் பெரிசாக்குறது இதுக்கெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி நிபந்தனை இருக்கு. வண்டிக்கு இத்தனை வயசுக்கு மேல கிடையாதுங்கிறதும் இருக்கு. படிச்சுப் பார்க்கணும். நான் விலையை மட்டும் படிச்சேன்.

டீசல் கணக்கு என்னாச்சுன்னு கேப்பீங்க. நான் வண்டி எடுத்த ரெண்டே மாசத்துல, 2013 ஜனவரில, டீசலை மாசத்துக்கு 50 பைசா ஏத்த ஆரம்பிச்சாங்க. 2014 அக்டோபர்ல கட்டுப்பாடே போச்சு. 20 ரூபாய் வித்தியாசம் ஏறக்குறைய பாதியா குறைஞ்சுது. ரெண்டரை வருஷம்னு போட்டது மூணு வருஷம் ஆச்சு. ஆனாலும் காசு திரும்ப வந்துடுச்சு. காரணம் தலோஜா. மானியம் போனாலும் 20,000 கிலோமீட்டர் போகலையே. அந்த எஞ்ஜின் ரிப்பேருக்கு அப்புறமும் வண்டி ஒரு நாள் என்னைக் கைவிட்டதில்ல. பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் கீழ மரத்தடியில காக்கா எச்சத்தோட நிக்குது.

இதையெல்லாம் பொண்ணுகிட்ட சொன்னேன். பாதி அவளுக்கே ஞாபகம் இருந்துச்சு, சீட்டு விளையாடின பாதி.

"உனக்கு வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?"னு கேட்டேன். ஆபீசுக்கு ரயில்லதான் போறா, தாணே போய் மாறினா ஐரோலி. வாரக் கடைசிக்கும் மழை நாளுக்கும்தான் கார். 5,000, போனா 6,000. அப்ப டீசல் எதுக்கு? தேடினாலும் இப்ப சின்ன டீசல் கிடைக்கிறது குதிரைக் கொம்பு. 2020 ஏப்ரல்ல பி.எஸ்.-6 விதி வந்தப்ப, புகையை வடிகட்டுற சாமான்களுக்கு ஆகுற செலவு சின்ன வண்டிக்குக் கட்டுப்படியாகலை. மாருதி டீசலையே நிறுத்திட்டாங்க. தேசிய எஞ்ஜினுக்கும் அதோட சங்கு. என்னோட சரியான வண்டி அவளுக்கு சரியான வண்டி இல்ல. ஒரு சின்ன பெட்ரோல் போதும்னு முடிவாச்சு.

இன்சூரன்ஸுக்கு பழைய எக்செல் ஷீட்டைத் தேடி எடுத்து அனுப்பினேன். 2018 செப்டம்பர்ல இருந்து புது காருக்கு தேர்ட் பார்ட்டி மூணு வருஷத்துக்கு சேர்த்தே எடுக்கணும்ங்கிறதை எழுதி வெச்சேன். பிரீமியம் கம்மியா காட்டுறதுக்காக சிலர் ஐ.டி.வி-ய இறக்கிக் காட்டுவாங்க, வண்டி திருடு போனா அந்தத் தொகைதான் கைக்கு வரும், அதனால எல்லா கம்பெனிக்கும் ஒரே ஐ.டி.வி-ய வெச்சு ஒப்பிடுன்னும் எழுதினேன். அப்புறம் பிரீமியத்துக்குப் பக்கத்துல புதுசா ஒரு காலம் சேர்த்தேன். தலைப்பு, "எதுக்குக் கிடைக்காது?"

ஒரு மணி நேரம் கழிச்சு பக்கத்து ரூம்ல இருந்து ஷீட் திரும்பி வந்துச்சு. ஏழு கம்பெனிக்கும் அந்த காலத்தை நிரப்பியிருந்தா. சிவப்பு வட்டம் மூணாவது வரிக்கு நகர்ந்திருந்துச்சு, 2,300 ரூபாய் கூட. கடைசி வரில அவளே ஒண்ணு சேர்த்திருந்தா.

"தண்ணில நின்னா சாவியத் தொட மாட்டேன். நீங்களும் நான் எங்கயாவது மாட்டிக்கிட்டா நடந்தே வாங்க. நான் சீட்டு விளையாடிட்டிருப்பேன்."